பாக் நீரிணைக்கு அமர்வு இல்லை

ஆசிய விவகாரங்கள் பற்றிய மாணவர் மாநாடு எதுவானாலும், நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே பாதியைச் சொல்லிவிடலாம். அமெரிக்கா–சீனா ஓர் அமர்வு, தென்சீனக் கடல் ஓர் அமர்வு, மின்சில்லு, செயற்கை நுண்ணறிவு, அப்புறம் மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில் மூப்படையும் சமூகங்கள். போன ஆண்டு சிங்கப்பூரில் நான் கலந்துகொண்ட மாநாடும் அப்படித்தான் இருந்தது. பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் வந்திருந்தார்கள். நான் உள்ளூர்க்காரன். விமானச் சீட்டு செலவு இல்லை, எம்ஆர்டி ரயில் அட்டையே போதும்.

இடம் கென்ட் ரிட்ஜ் மேட்டில். வெளியே புழுக்கம், உள்ளே ஸ்வெட்டர் கேட்கும் குளிர். கோட்டு சூட்டில் வந்தவர்கள்தான் புத்திசாலிகள். "ஒரு கேள்வி" என்று ஒலிவாங்கியை வாங்கியவர்கள் பலர், உண்மையிலேயே கேள்வி கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் தங்கள் சொற்பொழிவின் கடைசியில் "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒட்டவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு. இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரவர் நாட்டு வெளியுறவு அமைச்சின் பேச்சாளரைப்போலப் பேசினார்கள். யாரும் அப்படிப் பேசச் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயருக்குக் கீழே நாட்டின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். நானும் விதிவிலக்கில்லை. சிறிய நாட்டுக்கு அனைத்துலகச் சட்டம்தான் கவசம் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் நாள் காலையில் அதை நானும் சொன்னேன். பலர் தலையாட்டினார்கள்.

முதல் அமர்வில் எல்லாரும் மேற்கோள் காட்டியது சிங்கப்பூரின் ஆய்வு நிறுவனமான ஐசியாஸ் – யூசோஃப் இஷாக் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் தென்கிழக்காசியக் கருத்தாய்வை. கட்டாயம் ஒரு பக்கம் சாய வேண்டும் என்றால் எந்தப் பக்கம் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. 2024-இல் 50.5 விழுக்காட்டினர் சீனா என்றார்கள். 2025-இல் 52.3 விழுக்காட்டினர் அமெரிக்கா என்றார்கள். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓடியது. எனக்கென்னவோ அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் "கட்டாயம்" என்ற நிபந்தனையை நினைத்து எரிச்சலோடுதான் பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஒலிவாங்கி கிடைக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் கறிபஃப் தட்டுக்குப் பக்கத்தில்தான் தமிழ் கேட்டது. "இதுக்குள்ள உருளைக்கிழங்கா, கோழியா?" என்று ஒரு பையன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான். நான் "உருளைக்கிழங்குதான், தைரியமாச் சாப்பிடுங்க" என்றேன். அட்டையைப் பார்த்தேன், இந்தியா. சென்னையில் படிக்கிறான், ஊர் மண்டபம், ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊர். எங்கள் பேச்சைக் கேட்டு இன்னொரு பெண் திரும்பினாள், இலங்கை. யாழ்ப்பாணம், மயிலிட்டிக் குடும்பம். கொஞ்ச நேரத்தில் கிள்ளானிலிருந்து வந்திருந்த மலேசியப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். நாலு நாட்டு அட்டை, ஒரே மொழி. வழக்கம்போல ஒரு செல்ஃபி எடுத்தோம்.

சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர்களைப் பற்றிப் பேச்சு வந்தது அப்போதுதான். 1965-லிருந்து இதுவரை ஏழு பேர். ராஜரத்தினம், தனபாலன், வோங் கான் செங், ஜெயகுமார், ஜார்ஜ் இயோ, சண்முகம், விவியன் பாலகிருஷ்ணன். மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடுதான். ஆனால் இந்த ஏழு பேரில் ஐந்து பேர் தமிழ் வழி வந்தவர்கள் (விவியன் பாலகிருஷ்ணன் தந்தை வழியில்). மண்டபத்துப் பையன் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணிப் பார்த்தான். யாழ்ப்பாணத்துப் பெண் அலட்டிக்கொள்ளவில்லை. "முதல் ஆள் எங்கட ஆள்" என்றாள். உண்மைதான். 1967 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பேங்காக்கில் ஐந்து நாடுகள் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கியபோது சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்ட ராஜரத்தினம் பிறந்தது வட்டுக்கோட்டையில். வளர்ந்தது சிரம்பானில் என்று கிள்ளான்காரி உடனே தன் பங்கைக் கேட்டாள். மண்டபத்துக்காரனுக்கு மட்டும் பங்கு கிடைக்கவில்லை.

இதுவரை எல்லாம் இனிப்பாகத்தான் இருந்தது. கதை இங்கேயே நின்றிருந்தால் "தமிழால் இணைந்தோம்" என்று ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அன்று இரவு புக்கிட் தீமா பக்கம் ஒரு பரோட்டா கடைக்கு அழைத்துப் போனேன். இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடை. மேசைமேல் பரோட்டா, மீன் குழம்பு, தே தாரிக். கிள்ளான்காரிதான் தீக்குச்சியைக் கிழித்தாள். "கடல் அமர்வுல தென்சீனக் கடல் பத்தி அவ்வளவு நேரம் பேசினாங்க. உங்க ரெண்டு பேர் கடலைப் பத்தி ஒருத்தரும் பேசலையே?" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

மண்டபத்துப் பையன் முதலில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணையில் இருக்கும் கச்சத்தீவிலிருந்து ஆரம்பித்தான். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. ஐந்தாவது பிரிவில் இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே போய்வரலாம் என்று இருக்கிறது. 1976-இல் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டுப் படகு இன்னொரு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. "தமிழ்நாட்டக் கேட்டாங்களா? கேக்கல. நாங்க பிடிச்ச கடல் அது" என்றான்.

அவள் குழம்பில் பரோட்டாவைத் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "கச்சதீவை விடுங்கோ" என்றாள். "அங்க ஒரு அந்தோனியார் கோயில் இருக்கு, வருசத்துக்கு ஒருக்காத் திருவிழா, நீங்களும் வாறீங்கள், நாங்களும் வாறம். அதில பிரச்சினை இல்லை. பிரச்சினை உங்கட றோலர்."

றோலர் என்றால் டிராலர். தமிழ்நாட்டில் விசைப்படகு என்பார்கள், இலங்கைப் பத்திரிகைகளில் இழுவைப்படகு. கடலின் அடித்தரையை உரசிக்கொண்டு பை போன்ற மடியை இழுத்துப் போகும். இறாலுக்காகப் போடுவது, ஆனால் வழியில் இருக்கிற எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். குஞ்சு மீன், சிப்பி, கடற்புல், எதுவும் தப்பாது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அதனால் தரை சீக்கிரம் சீரழியும். அந்தத் தரையில்தான் யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர்கள் சாயங்காலம் சின்னப் படகில் போய் வலையைப் பாய்ச்சிவிட்டு வருவார்கள். இரவில் விசைப்படகுகள் வரிசையாக வரும். காலையில் போய்ப் பார்த்தால் வலை இருக்காது, அல்லது கிழிசல் இருக்கும்.

அவளுடைய குடும்பம் 1990-இல் மயிலிட்டியை விட்டு ஓடியது. ஊர் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்தது 2017-இல். இருபத்தேழு வருடம் கடலோரத்துச் சனம் கடல் இல்லாமல் முகாமிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்திருக்கிறது. "மாமா கடன்பட்டு வலை வாங்கினவர். நண்டு வலை. ஒரு இரவில போயிட்டுது. ஆரிட்டப் போய்க் கேக்கிறது? அவர் கேஸ் போடேலுமே?" என்றாள். பிடிபட்ட இந்தியப் படகுகளைக் கொண்டுவந்து கட்டிவைப்பதும் அதே மயிலிட்டித் துறைமுகத்தில்தான். சொந்தப் படகைக் கட்ட இடமில்லை என்று ஊரார் சண்டை பிடிக்கிறார்களாம்.

மண்டபத்துப் பையன் உடனே பதில் சொல்லவில்லை. தே தாரிக் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் மாநாட்டில் எந்தப் பேராசிரியர் சொன்னதைவிடவும் எனக்கு இது பயன்பட்டது.

"எங்கப்பா படகு ஓனர் இல்ல. கூலிக்குப் போறவரு. பங்கு. பிடிச்சு வந்த மீன்ல டீசல் காசு, ஐஸ் காசு, ஓனர் பங்கு எல்லாம் போக மிச்சத்துலதான் எங்க வீடு. வாரத்துல மூணு நாளு விசைப்படகு, மத்த நாளு நாட்டுப்படகு. கரையோரத்துல விசைப்படகு மடி போடக் கூடாது. அங்கிட்டு எல்லைக் கோடு. நடுவுல எவ்வளவு இருக்கு? படகு எத்தன? ஓனர் போகச் சொல்றான், அப்பா போறாரு. நேவி வந்தா ஓனரு வீட்ல இருப்பான், அப்பா ஜெயில்ல இருப்பாரு."

"அப்ப றோலரை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

"நிப்பாட்டிட்டு?"

இந்த "நிப்பாட்டிட்டு?"வுக்கு எங்கள் நாலு பேரிடமும் பதில் இல்லை. டிராலர்கள் தானாக வந்தவை அல்ல. 1950-களில் நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு, விசைப்படகு வாங்கு, இறால் ஏற்றுமதி செய், அந்நியச் செலாவணி கொண்டுவா என்று அரசாங்கமே ஊக்கம் கொடுத்து வளர்த்த தொழில். இலங்கையின் வடக்கில் போர் நடந்த காலத்தில் அந்தப் பக்கக் கடல் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்தது, தமிழ்நாட்டுப் படகுகள் பழகிவிட்டன. 2009-க்குப் பிறகு உரியவர்கள் கடலுக்குத் திரும்பினார்கள். இலங்கை 2017-இல் அடிமட்ட இழுவை முறையைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, டிராலரைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிக்குப் போகிறவர்களுக்கு மானியம் அறிவித்தது. படகின் விலை, ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் வாழ்க்கை, கடன், எல்லாம் சேர்ந்து அது எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை. ஒரு நாள் போய் மறுநாள் கரைக்கு வருகிற தொழிலாளியைப் பெருங்கடலுக்கு அனுப்புவது அவ்வளவு எளிதா என்ன?

இரண்டு பேரும் தமிழர்கள், பேசியது தமிழ், கும்பிடுவது ஒரே அந்தோனியாரை. அதனால் சண்டை ஒரு இஞ்ச்கூடக் குறையவில்லை. ஆனால் அரங்கத்தில் ஆங்கிலத்தில் பேசியபோது இருவரும் "வாழ்வாதாரம்", "இறையாண்மை" என்று தள்ளி நின்று பேசினார்கள். இங்கே டீசல் காசு, நண்டு வலை, ஓனர் என்று பேச்சு வந்துவிட்டது. யாருக்கு எது போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

நான் இடையில் புகுந்து நியாயம் பேச ஆரம்பித்தேன். "இதை ஒரு நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாமே. வங்கக் கடல் எல்லையை இந்தியாவும் பங்களாதேஷும் அப்படித்தானே 2014-இல் தீர்த்துக்கொண்டார்கள்" என்றேன். குரலில் கொஞ்சம் வாத்தியார் வாடை அடித்திருக்க வேண்டும். கிள்ளான்காரி பாய்ந்தாள்.

"நீ பேசாத. பத்து பூத்தேவ எடுத்துக்கிட்டுப் பேச்சு வேற!"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெட்ரா பிராங்கா என்று சொல்லும் பாறையைத்தான் மலேசியர்கள் பத்து பூத்தே என்கிறார்கள். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் நிற்கிறது. நீளம் 137 மீட்டர். ஆள் குடியிருக்க முடியாது. 1851-இல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. மலேசியா 1979-இல் வெளியிட்ட வரைபடத்தில் அதைத் தன் எல்லைக்குள் காட்டியது, மறு ஆண்டு சிங்கப்பூர் ஆட்சேபித்தது. நெடுங்காலப் பேச்சுக்குப் பிறகு இரு நாடுகளும் ஒப்புக்கொண்டு அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போயின. 2008 மே 23-இல் பாறை எங்களுக்கு, பக்கத்திலுள்ள மிடில் ராக்ஸ் அவர்களுக்கு என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பில் பெரிதாகப் பேசப்பட்டது 1953-இல் ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர் எழுதிய ஒரு கடிதம், அந்தப் பாறைக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று.

"யாரோ ஒரு ஆபீசர் எழுதின கடுதாசி" என்றாள் அவள்.

"கடுதாசின்னாலும் அரசாங்கக் கடுதாசி" என்றேன் நான்.

"வெள்ளைக்காரன் காலத்துக் கடுதாசி!"

"நூறு வருசத்துக்கு மேல விளக்கைப் பாத்துக்கிட்டது யாரு?"

"விளக்குக்கு ஆயில் ஊத்தினா வீடு உன்னோடதா?"

சத்தம் கூடிவிட்டது. பக்கத்து மேசை டாக்சி ஓட்டுநர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரம் கடித்துக் குதறிக்கொண்டிருந்த மண்டபமும் மயிலிட்டியும் இப்போது சேர்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. "ஆள் இல்லாத பாறைக்கா இந்தச் சண்டை?" என்றாள் யாழ்ப்பாணத்துப் பெண். அவளுக்குக் கொஞ்சம் குஷி வந்துவிட்டதென்று நினைக்கிறேன்.

எங்கள் விஷயம் தீர்ந்த விஷயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சிங்கப்பூர்ப் பக்கத்துப் பார்வை. மலேசியா 2017-இல் தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்டதும், 2018-இல் ஆட்சி மாறியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும், அப்படித் திரும்பப் பெற்றது பற்றி 2024-இல் அரச விசாரணை ஆணையம் வைத்ததும் அங்கே இன்னும் சூடான பேச்சு. வென்றவனுக்கு வழக்கு முடிந்துவிடுகிறது. சரி, இருந்தாலும் ஒன்று உண்டு. அந்தப் பாறைக்காக மீனவன் எவனும் சிறையில் வருடம் கழிக்கவில்லை. இரண்டு அரசாங்கங்களும் வக்கீல்களை அனுப்பின, கையெழுத்துப் போட்டுக்கொடுத்தன, தீர்ப்பு வந்தது. இந்தியா–பங்களாதேஷ் கடல் எல்லையை விட்டால் தெற்காசியாவில் இந்த வழி அரிது. தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் சாசனத்தில் பத்தாவது பிரிவு, இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரியவையும் பேச்சிலிருந்து விலக்கப்படும் என்று தெளிவாகவே சொல்கிறது. அந்த அமைப்பின் உச்சி மாநாடே 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு கூடவில்லை. ஆசியானிலும் ஒன்றும் கிழிப்பதில்லை என்று எங்கள் ஊரில் அலுத்துக்கொள்வார்கள். குறைந்தபட்சம் கூடி உட்காருகிறார்கள். 2025 அக்டோபரில் கிழக்குத் திமோரைப் பதினோராவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டும் விட்டார்கள்.

மறுநாள் கடல் குழுவின் அறிக்கை எழுதும் நேரம். இரண்டு நாட்டுப் பேராளர்கள் சேர்ந்து முன்மொழிந்தால் ஒரு பத்தி சேர்க்கலாம் என்று விதி. மண்டபத்துப் பையனும் யாழ்ப்பாணத்துப் பெண்ணும் நடைபாதையில் தரையில் உட்கார்ந்து ஒரே மடிக்கணினியில் எழுதினார்கள். பிடிபட்ட தொழிலாளர்களைச் சிறையில் வைக்காமல் சீக்கிரம் திருப்பி அனுப்புவது, அபராதம் படகு ஓனர் மேல் போகட்டும் என்பது, இவை இரண்டும் பத்து நிமிடத்தில் முடிந்தன. ஓனர் மேல் போடலாம் என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இழுவைமடியைக் கைவிட வேண்டும் என்பதையும் அவனே தட்டச்சு செய்தான். எத்தனை ஆண்டுக்குள் என்ற இடத்தில் நின்றுவிட்டது. அவன் ஐந்து என்றான். அவள் ஒன்று என்றாள். அவன் மூன்றுக்கு இறங்கினான், அவள் ஏறவில்லை. "மாமாவுக்கு மூண்டு வருசம் எண்டு நான் போய்ச் சொல்லேலாது" என்றாள். சென்னையிலும் கொழும்பிலும் டில்லியிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசியபோதும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டது, அவகாசம் கேட்டவர்களும் தர மறுத்தவர்களுமாக. கடைசியில் ஆண்டு எண்ணை எழுதாமல் விட்டு அனுப்பினார்கள்.

அனுப்பினது அப்படியே வரவில்லை. குழுவில் வேறொரு நாட்டுப் பேராளர், குறிப்பிட்ட நாடுகளின் தகராறைப் பெயர் சொல்லி எழுதினால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்று ஆட்சேபித்தார். அப்புறம் சம்பந்திகள் சபை மாதிரிதான், யாரும் முடியாது என்று சொல்லாமல் ஆளுக்கொரு சொல்லாக எடுத்துக்கொண்டே போனார்கள். இலங்கை போனது, இந்தியா போனது, பாக் நீரிணை போனது, ஓனர் போனார். இறுதி அறிக்கையில் "பகிரப்பட்ட கடற்பரப்புகளில் சிறு மீனவர்களின் வாழ்வாதாரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்" என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது. கைதட்டினோம். குழுப் படம் எடுத்தோம்.

மாநாடு முடிந்த பிறகும் எங்கள் வாட்ஸ்அப் குழு ஓய்ந்தபாடில்லை. அவள் மயிலிட்டியில் கட்டிக்கிடக்கும் படகுகளின் படத்தை அனுப்புகிறாள். அவன் கைதுச் செய்திகளை அனுப்புகிறான். சில வாரம் இருவரும் பேசிக்கொள்வதில்லை, பிறகு யாராவது பொங்கல் வாழ்த்தில் ஆரம்பிப்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து அடுத்த மாநாட்டுக்கு ஒரு அமர்வு கேட்டு எழுதினார்கள், தலைப்பிலேயே பாக் நீரிணை என்று போட்டு. ஏற்பாட்டாளர்கள் மறுக்கவில்லை. இரண்டு தரப்பும் பேசட்டும், ஆனால் நெறியாளராக நடுநிலையான ஒருவர் வேண்டும், சிங்கப்பூர் மாணவர் யாராவது இருந்தால் நல்லது என்று பதில் வந்தது.

நியாயமான யோசனைதான். அடுத்தவர் சண்டைக்கு இடம் கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 2015-இல் சீன அதிபர் சீ சின்பிங்கும் அப்போதைய தைவான் அதிபர் மா யிங்-ஜியோவும் கைகுலுக்கியது இங்கேதான். 2018-இல் டிரம்பும் கிம்மும் செந்தோசாவில் சந்திக்க 16 மில்லியன் வெள்ளிக்கு மேல் செலவு செய்தோம். குழுவில் என் பெயரை அவர்கள் இருவரும் முன்மொழிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கிள்ளானிலிருந்து உடனே ஒரு குரல் பதிவு வந்தது. சிரிப்புதான் பாதி. "நடுநிலையா? இவனா? பத்து பூத்தே பேச்சு எடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்."

அவள் பெயரையும் சேர்த்து இரண்டு நெறியாளர்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். மலேசியாவுக்கும் பாக் நீரிணையில் வலை எதுவும் இல்லை. ஏற்பாட்டாளர்கள் இன்னும் பதில் போடவில்லை.